கொள்ளு என்றால் வாய் திறக்கும்!

செஞ்சிப் பக்கத்துத் தொண்டூரில், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு தெருவில் சும்மா நின்று பாருங்கள். எந்த வீட்டில் யார் எஜமானர் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மேய்ச்சலிலிருந்து திரும்பும் ஆடுகளில் ஒன்று நேராகப் பட்டிக்குப் போகாது. வாசலில் நிறுத்தியிருக்கும் டூவீலர் சீட்டின் மேல் நான்கு காலையும் வைத்து ஏறி நின்று ஊரைப் பார்க்கும். விரட்டினால் இறங்கும். விரட்டியவர் முதுகைத் திருப்பியதும் மறுபடியும் சீட். நாய்க்கு 'வா' என்றால் காது கேட்காது. உள்ளே பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் மட்டும் தெருக்கோடியில் இருந்தாலும் கேட்டுவிடும். பூனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்கென்று கோணிப்பையை மடித்துப் போட்டிருப்பார்கள். அது இஸ்திரி போட்டு வைத்த வெள்ளைச் சட்டையின் மேல்தான் படுக்கும்.

"பெரிய தேசிங்கு ராஜா குதிரைன்னு நெனப்பு!" என்று ஆயா ஒரு அதட்டல் போடுவார். (விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்.) ஆடு, நாய், பேரன் மூவருக்கும் அந்த ஒரே திட்டுதான். மூவரில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் அந்தத் திட்டில் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது. இங்கிருந்து கிளம்பினால் சிறிது நேரத்தில் செஞ்சிக் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் மதிலால் சேர்த்துக் கட்டிய கோட்டை. அங்கேதான் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேசப்பட்ட முரட்டுக் குதிரை ஒன்றின் கதை இருக்கிறது. அதற்கு வருவோம். முதலில் குதிரை என்ற பிராணியைப் பற்றி.

'கொள்ளுன்னா வாயைத் திறக்குமாம், கடிவாளம்னா வாயை மூடிக்குமாம்' என்று பழமொழி சொன்ன ஆள் நிச்சயம் குதிரை வளர்த்து நொந்தவராகத்தான் இருப்பார். 'குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்' என்று இன்னொன்று. யானையைப் பற்றிப் பழமொழி சொல்லும்போது நம்மவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிற தொனியில் சொல்வார்கள். குதிரையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அடிபட்டவனின் குரல் கேட்கும்.

ரயிலடியில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்ற காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஜட்காவுக்குள் உட்காரப் பலகை கிடையாது. புல்லைப் பரப்பி, அதன் மேல் சாக்கையோ பாயையோ விரித்திருப்பார்கள். பயணிக்கு அது மெத்தை. குதிரைக்கு அதுதான் சாப்பாடு. தன் சாப்பாட்டின் மேல் ஒரு குடும்பமே ஏறி உட்கார்ந்து 'சீக்கிரம் போப்பா' என்று அவசரப்படுத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? நட்ட நடு ரோட்டில் நின்றுவிடும். வண்டிக்காரர் முதலில் கொஞ்சுவார், பிறகு திட்டுவார். அப்புறம் பயணிகளைப் பார்த்து, "பின்பாரமா இருக்கு, கொஞ்சம் முன்னாடி நகந்து ஒக்காருங்க சாமி" என்பார். எல்லோரும் நகர்ந்து, குழந்தையை மடி மாற்றி, பெட்டியை இடம் மாற்றி முடித்ததும் குதிரை எந்தக் காரணமும் இல்லாமல் தானாகவே கிளம்பும். 'சண்டிக் குதிரை' என்று அதற்குப் பட்டம் கிடைத்தது இப்படித்தான். பள்ளிக்கூடம் போக அடம் பிடிக்கும் பையனையும் சண்டித்தனம் செய்கிறான் என்றுதான் சொல்கிறோம்.

குதிரை வளர்ப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் குறும்புகள் நிறைய. சேணம் வைத்து வயிற்றுப் பட்டையை இறுக்கும் நேரத்தில் சில குதிரைகள் மூச்சை இழுத்து உடம்பை உப்பிக்கொள்ளும். 'சரி, இறுகிவிட்டது' என்று ஆள் ஏறப்போகும்போது மூச்சை விடும். பட்டை தளர்ந்து, சேணம் ஒரு பக்கம் சரிந்து, ஆள் மறுபக்கம் கிடப்பார். அதனால் அனுபவசாலிகள் பட்டையை ஒருமுறை இறுக்கிவிட்டு, குதிரையை நாலு எட்டு நடக்கவிட்டு, மறுபடியும் ஒருமுறை இறுக்குவார்கள். லாயக் கதவின் தாழ்ப்பாளை உதட்டாலேயே நெம்பித் திறக்கும் குதிரைகளும் உண்டு. அதில் சில, தான் வெளியே வந்ததோடு நில்லாமல் பக்கத்து லாயக் கதவையும் திறந்துவிட்டுப் போகும்.

இதெல்லாம் புத்திசாலித்தனம் என்று புரிகிறது. நடு ரோட்டில் காகிதத் துண்டைப் பார்த்து நடுங்கி நிற்பது எதனால்?

பதில் அதன் கண்ணில் இருக்கிறது. குதிரையின் கண்கள் முகத்தின் இரு பக்கங்களிலும் இருப்பதால், தலையைத் திருப்பாமலேயே தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அது பார்க்கும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கொஞ்சம் இடம் அதற்குத் தெரியாது. நெற்றியைத் தடவ நேராகக் கையை நீட்டினால், திடீரென்று ஒரு பொருள் மாயமாகி நெற்றியில் இடிப்பது போல இருக்கும் அதற்கு. பின்னால் சத்தமில்லாமல் போய் நிற்பவர் உதை வாங்குவதும் இதனால்தான். எல்லாவற்றுக்கும் மேலே, அது புல் தின்னும் பிராணி. சிங்கமும் ஓநாயும் துரத்தத் துரத்த ஓடித்தான் பிழைத்த வம்சம். 'முதலில் ஓடு, பிறகு யோசி' என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. ஓட முடியாதபடி கடிவாளம் இழுக்கும்போது அதற்கு மிச்சமிருக்கும் ஒரே வழி, நின்றுவிடுவது. நாம் அதைத் திமிர் என்கிறோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள நாளானது. குதிரை இந்த மண்ணின் பிராணி இல்லை. கடல் வழியாக வந்து இறங்கிய சரக்கு. 1290-களில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ வியந்து எழுதியிருக்கிறார்: அரசன் வருஷத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குகிறான், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை. லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லை. சோற்றோடு வேகவைத்த இறைச்சியைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். விருந்தாளியை நன்றாகக் கவனிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான் போலிருக்கிறது. கறிச்சோறு போட்டால் எந்த விருந்தாளியும் சந்தோஷப்படுவார், குதிரையைத் தவிர! இந்த விருந்துபசாரத்தை மறுத்துத் தட்டைத் தள்ளிவிட்ட குதிரைகளுக்கும் அன்று 'அடம்' என்றுதான் பெயர் கிடைத்திருக்கும்.

இப்போது தேசிங்கு கதை.

கிராமத்துத் திண்ணைகளில் பாடப்பட்ட 'தேசிங்கு ராஜன் கதை'யில் அந்தக் குதிரைக்குப் பெயர் பாராசாரி. டில்லி பாதுஷாவிடம் இருந்தது. பல்லக்கில் போகிறவர்கள் முதல் பட்டாளத்தில் பெயர் வாங்கியவர்கள் வரை ஒருவராலும் அதன் முதுகில் உட்கார முடியவில்லை. தேசிங்கின் தகப்பனாரும் டில்லிக்குப் போய், அடக்க முடியாமல், சிறையில் அகப்பட்டுக்கொள்கிறார். அப்பாவைத் தேடி வருகிறான் பிள்ளை, மீசைகூட முளைக்காதவன். ஏறுகிறான். குதிரை ஆகாயத்துக்கே எகிறுகிறது. அவன் விழவில்லை. போன குதிரை அடங்கித் திரும்பி வருகிறது. பாதுஷா அசந்துபோய்க் குதிரையை அவனுக்கே கொடுத்துவிடுகிறார்.

இது கதைப்பாடலின் டில்லி; சரித்திரத்தின் டில்லி அல்ல. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' படம் வந்த பிறகு கதை இன்னும் நிறைய வீடுகளுக்குள் போனது. பெயரிலும் குழப்பம். செஞ்சிப் பக்கம் கேட்டால் சிலர் 'தேசிங்கு குதிரை நீலவேணி' என்பார்கள். கதைப்பாடலின் கணக்கில் நீலவேணி, தேசிங்கின் உயிர் நண்பன் மோவுத்துக்காரன், அதாவது மகமத்கான் ஏறிய குதிரை. இரண்டு நண்பர்கள், இரண்டு குதிரைகள். ஒன்றின் பெயரை மற்றதற்கு வைத்தாலும் அவர்கள் இருவரும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அடங்காத குதிரையை ஒரு பையன் அடக்கிய கதை உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். கிரேக்கத்து அலெக்சாண்டரைப் பற்றியும் புளூடார்க் இப்படி ஒன்றை எழுதியிருக்கிறார். பியூசிஃபலஸ் என்ற குதிரை யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. சிறுவன் அலெக்சாண்டர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று பார்த்தான். தரையில் விழும் தன் நிழலைப் பார்த்துத்தான் அது மிரள்கிறது என்று கண்டுபிடித்தான். முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினான். நிழல் பின்னால் போய்விட்டது. ஏறி உட்கார்ந்தான். நம் கதையில் ஆகாயம் வரை போக வேண்டியிருக்கிறது. அவர்கள் கதையில் குதிரையைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தியதோடு முடிந்துவிடுகிறது. வீரம் நம் கதையில்தான் அதிகம். குதிரையைக் கேட்டால் அலெக்சாண்டருக்குத்தான் ஓட்டுப் போடும்.

சரித்திரத்தின் தேசிங்கு, தேஜ் சிங். வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். தகப்பனார் சொரூப் சிங் மொகலாயர் சார்பில் செஞ்சிக் கோட்டையை நிர்வகித்தவர். அவர் 1714-ல் காலமானதும் மகன் கோட்டையைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். செலுத்த வேண்டிய வரிப்பாக்கியைக் கேட்டு ஆற்காடு நவாப் சாதத்துல்லாகான் ஆள் அனுப்பினார். தேசிங்கு கட்டமாட்டேன் என்றான். வயது இருபத்திரண்டு. கையில் இருந்ததோ சில நூறு குதிரை வீரர்கள். எதிரே வந்தது ஆயிரக்கணக்கில் படை.

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் குன்றில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். பாறையிலேயே குடைந்த கோயில். (தொண்டூர்ப் பாறையிலும் இப்படிப் பள்ளிகொண்ட பெருமாள் உண்டு.) போருக்குப் போகுமுன் தேசிங்கு சிங்கவரத்தில் வந்து உத்தரவு கேட்டானாம். 'இப்போது வேண்டாம்' என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அந்தத் திருமுகம் சற்றுத் திரும்பினாற்போல இருப்பதைக் காட்டி இன்றும் இந்தக் கதையைச் சொல்வார்கள். பெருமாளே வேண்டாம் என்றும் அவன் கேட்கவில்லை. திரும்பி நடந்து குதிரை ஏறிவிட்டான்.

கல்யாண வேளையில் இருந்த நண்பன் மகமத்கான் செய்தி கேட்டதும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நீலவேணியில் வந்து சேர்ந்துகொண்டான் என்கிறது கதைப்பாடல். வழியில் ஆறு குறுக்கிட்டது. வெள்ளம் கரைபுரண்டு ஓடியதாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். குதிரைக்குத் தண்ணீர் என்றால் எப்போதுமே சந்தேகம். காலடியில் இருப்பது அரை அடி ஆழமா ஆறடி ஆழமா என்று கண்டுபிடிக்க அதன் கண் உதவாது. சின்னக் குட்டையைக் கண்டால்கூடச் சாதுவான குதிரையே ஒதுங்கிப் போகப் பார்க்கும். மாட்டு வண்டிக்காரர்களுக்கும் இது தெரியும். மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது, மாடு மூக்கைத் தாழ்த்தி மோந்து பார்த்துவிட்டு நகராமல் நின்றால், விவரமான வண்டிக்காரர் தார்க்குச்சியை எடுக்க மாட்டார். இறங்கி, வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெள்ளம் வடியக் காத்திருப்பார்.

டில்லியில் ஒருவரையும் ஏறவிடாத பாராசாரி, எல்லோரிடமும் சண்டித்தனம் செய்த பாராசாரி, அன்றைக்கு ஆற்றங்கரையில் சண்டித்தனம் செய்யவில்லை. முதுகில் இருந்தவன் போ என்றான், போய்விட்டது. அதற்குப் பழைய குணம் ஒரே ஒரு நாழிகை திரும்ப வந்திருந்தால்? முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நகரமாட்டேன் என்று நின்றிருந்தால்? வெள்ளம் வடிந்திருக்கும். பின்னால் தங்கிய ஆட்கள் வந்து சேர்ந்திருப்பார்கள். ஒரு இரவு கடந்திருந்தால் இருபத்திரண்டு வயதுக் கோபம் கொஞ்சம் தணிந்தும் இருக்கலாம். கதை கேட்கும் குழந்தைகள் இந்த இடத்தில்தான் 'ஐயோ, போகாதே' என்பார்கள். அவர்கள் சொல்வது ராஜாவிடம் அல்ல, குதிரையிடம்.

1714 அக்டோபர் 3-ம் தேதி சண்டை நடந்தது. மகமத்கான் முதலில் விழுந்தான். பாராசாரியின் காலை வெட்டினார்கள், அது சாய்ந்த பிறகுதான் தேசிங்கை வீழ்த்த முடிந்தது என்று கதை சொல்கிறது. செஞ்சியை அவன் ஆண்டது சில மாதங்கள்தான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் வைத்த பெயர்தான் ராணிப்பேட்டை என்பார்கள். மகமத்கானின் சமாதியும் குதிரையின் சமாதியும் என்று நீலாம்பூண்டியில் காட்டுகிறார்கள். எத்தனையோ நவாபுகளும் கில்லேதார்களும் இருந்த இடம் தெரியாமல் போன சீமையில், குதிரைக்கு ஒரு சமாதி.

கோட்டைக்குள் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் வரிசை வரிசையாக அறைகள் இருக்கின்றன. குதிரை லாயம் என்று காட்டுவார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகளோடு சேர்த்து செஞ்சிக்கும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. 1677-ல் சிவாஜி பிடித்துப் பலப்படுத்திய கோட்டை இது. அதற்குப் பிறகு மொகலாயப் படை ஏழு வருஷத்துக்கு மேல் முற்றுகையிட்டு, 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. அப்படிப்பட்ட கோட்டை இன்று முழுக்க முழுக்கக் குரங்குகளின் கையில். படியேறி வருகிறவர் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று ஒவ்வொருவராகச் சோதனை போட்டுத்தான் அனுப்பும். வரிப்பாக்கியை எப்படி வசூல் செய்ய வேண்டும் என்று நவாப் அவற்றிடம் பாடம் படித்திருக்கலாம்.

ஊருக்குத் திரும்புவோம். தொண்டூர் மாதிரி ஊர்களில் இன்று குதிரை இல்லை. ஆனால் பாராசாரியின் குணம் உள்ள பசுமாடு ஒன்று தெருவுக்குத் தெரு இருக்கும்.

ஆயா கறந்தால்தான் பால் கொடுக்கும் மாடு அது. ஆயா ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டார் என்று வையுங்கள். மருமகள் போய் உட்கார்ந்தால் காலைத் தூக்கும். மகன் போனால் சொம்பே உருளும். தவிடு, புண்ணாக்கு, கழனித் தண்ணி எல்லாவற்றையும் வாங்கிக் குடித்துவிட்டு, பாலை மட்டும் மேலே இழுத்துக்கொள்ளும். சொசைட்டியில் பால் ஊற்றும் நேரம் முடியப் போகிறது. அந்தப் பணத்தில்தான் பேத்தியின் வேன் ஃபீஸ். கடைசியில் ஊரறிந்த வைத்தியம்தான்: கொடியில் கிடக்கும் ஆயாவின் பழைய புடவையை எடுத்து, மீசை வைத்த மகன் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். எதிர்வீட்டில் செல்போனை எடுத்து வீடியோ பிடிப்பார்கள். ஆனால் மாடு கால் தூக்காது. முகர்ந்து பார்க்கும், பெருமூச்சு விடும், பால் இறங்கும்.

இது அந்த மாட்டின் நடிப்பு அல்ல. மடியில் பால் ஊறியிருந்தாலும், அது காம்புக்கு இறங்க வேண்டுமானால் மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்க வேண்டும். கன்று முட்டினால், பழகிய கை பட்டால், பழகிய வாசனை வந்தால் அது சுரக்கும். பயமோ பதற்றமோ வந்தால் அட்ரினலின் சுரந்து அதைத் தடுத்துவிடும். தானே நினைத்தாலும் அந்த நேரத்தில் பசுவால் பாலைக் கொடுக்க முடியாது. கோபத்தில் ஓர் அடி வைத்தால் மிச்சமிருந்த வாய்ப்பும் போயிற்று.

நாயும் அப்படித்தான். ஒருமுறை கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்ட நாய், அடுத்த தடவை அந்தத் தெரு திரும்பும்போதே பிருஷ்டத்தைத் தரையில் பதித்துவிடும். இழுத்தால் கழுத்துப்பட்டை கையோடு வரும், நாய் வராது. 'ஊசி' என்ற வார்த்தையைக்கூட வீட்டில் சொல்லக்கூடாது என்று அந்த வீட்டில் இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் பேசுவார்கள். இரண்டாவது மாதத்தில் நாய்க்கு அந்த ஸ்பெல்லிங்கும் தெரிந்துவிடும்.

கல்யாணத்துக்குப் போன ஆயா, மூன்றாம் நாள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவில் வருகிறார். கையில் தாம்பூலப் பை. இன்னும் வீடு வரவில்லை. அதற்குள் கட்டுத்தறியிலிருந்து ஒரு 'ம்மா'.

"பாருங்க அத்தை, மூணு நாளா எங்கள இன்னா பாடு படுத்திச்சி தெரியுமா" என்று மருமகள் வாசலிலேயே புகார் மனு வாசிக்கிறாள்.

"நீ அதுங்கிட்ட வள்ளுனு பேசியிருப்ப" என்கிறார் ஆயா. புடவை மாற்றக்கூட உள்ளே போகவில்லை. தாம்பூலப் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துத் தோலோடு நீட்டுகிறார். மாடு வாயைத் திறக்கிறது.

பேரன் பக்கத்தில் நின்று, "ஆயா, எனக்கு?" என்கிறான்.

"இருடா, தேசிங்கு ராஜா" என்கிறார் ஆயா.